சனிக்கிழமை வீடு

அம்மாவுக்குத் தெரிந்து அந்த வீட்டுக்குள் முதல் தடவையாகக் கால் வைத்த ஜீவன், இருட்டுக்குள் நேராக நடந்து போய், பழைய அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் கையை விட்டு லைட்டைப் போட்டான்.

யசோதா நனைந்த குடையை மடக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். அலுமாரி சுவிட்சை முழுசாக மறைத்திருந்தது. தெரியாதவர்கள் தேடினால் சுவரெல்லாம் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும்.

"அங்க சுவிட்ச் இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

ஒன்பது வயது மகன் அம்மாவைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"எல்லா வீட்டுலயும் கதவு பக்கத்துலதானே சுவிட்ச் இருக்கும்," என்றாள் டிலானி. பதினாறு வயசுக்கு அவள் பேச்சு எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டு, ஈரச் செருப்பைக் கழற்றி ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தாள்.

யசோதா அதை அப்படியே விட்டுவிட்டாள். வீடு தேடித் தேடி அலுத்துப் போயிருந்த நேரம். கண்டி மஹியாவயில் அவர்கள் குடியிருந்த மேல்மாடியை, மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே வேலையாகப் போய்விட்டது. ஹேவாஹெட்ட பக்கம் அவளுடைய அண்ணன்மார் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் திரும்பவும் தோட்டத்துக்கா என்று அவள் கணவன் சுதேஷ் மறுத்துவிட்டான். கலகெதரயில் ஒரு வீடு எல்லாருக்கும் பிடித்திருந்தது, வாசலில் ரம்புட்டான் மரம்கூட இருந்தது. ஆனால் விடியும் முன்னே டவுனுக்கு வந்து, லேப் திறந்ததும் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களுக்கு ரத்தம் எடுக்க உட்கார வேண்டியவள் அவள். அங்கிருந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பது? அவள் வேண்டாம் என்றதும் சுதேஷ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்புறம்தான் கடுகண்ணாவை என்று ஆரம்பித்தான். காலையில் ரயில் இருக்கிறதே என்று அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. நாற்பத்தைந்து வயசில், பஸ்ஸில் தொங்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போகலாம் என்று ஒரு நினைப்பு.

வீடு மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு சரிவில், ரயில் பாதைக்குக் கீழே இருந்தது. பின்னேரம்தான், ஆனாலும் மலையிடுக்கு வழியாக ஏறி வந்த மூட்டம் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு நின்றதில் உள்ளே பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக அரிசி புடைக்கிற சத்தத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுவர்களிலிருந்து ஊறிய சுண்ணாம்பு வாசத்துக்கு அடியில், மெல்ல மெல்ல, வேறொரு வாசமும் வந்தது. தாளித்த கருவாடும் கத்தரிக்காயும்.

"யாரும் குடியிருக்கலைன்னுதானே சொன்னீங்க?"

"பக்கத்து வீட்டுல சமைக்கிறாங்க போல," என்றான் சுதேஷ்.

பக்கத்தில் வீடே இல்லை. வேனிலிருந்து இறங்கும்போது அவள் பார்த்திருந்தாள்.

அவன் குசினியைப் பார்க்கலாம் என்று முன்னால் போனான். நடையில் வெளிச்சம் இல்லை. நடையின் முடிவில் அவன் தலையைக் குனிந்தான், நிமிர்ந்தான், போய்க்கொண்டே இருந்தான். பின்னால் வந்த யசோதாவின் நெற்றி அந்த இடத்தில் ஒரு மரச் சட்டத்தில் பட்டென்று இடித்தது. அவனைவிட ஒரு சாண் குட்டையானவள் அவள். அவளுக்கே இடிக்கிற சட்டம் அது.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருட்டில் நின்றபோது மேலே ரயில் வந்தது. முதலில் தரை அதிர்ந்தது. அப்புறம் ஜன்னல் கண்ணாடி, அப்புறம் எங்கோ அடுக்கி வைத்த பீங்கான் தட்டுகள், ஒவ்வொன்றாக நடுங்கி, வீடு முழுக்கப் பல் கிட்டுகிற மாதிரி ஒரு சத்தம் ஓடியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஹோலில் பிள்ளைகள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தி, ரயில் போகும் வரைக்கும் பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள்.

பழகியவர்கள் செய்வது அது.

குசினியில் கல் தொட்டிக்குப் பக்கத்தில் நான்கு தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

"என்னங்க," என்றாள். தன் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இங்க முன்னாடி வந்திருக்கீங்களா?"

சுதேஷ் ஜன்னலைத் திறக்கப் போனான். திறக்கவில்லை. கொக்கியின் மேல் கையை வைத்தபடி நின்றான். "ஒரு தடவை வந்தேன். புரோக்கர் அம்ஜத் கூட."

"பிள்ளைங்க?"

அவன் கொக்கியைத் திருகப் பார்த்தான்.

சனிக்கிழமைகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. சனிக்கிழமைகளில் அவளுக்கு லேபில் முழு நாள் வேலை. டியூஷன் என்றும், பேராதனைப் பூங்கா என்றும் சொல்லி சுதேஷ் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போவான். பொழுது சாய்ந்து வரும்போது ஒருத்தருக்கும் பசி இருக்காது. அவள் நின்ற காலோடு சமைத்து வைத்ததை டிலானி மூடி வைத்துவிட்டுப் போவாள். ஜீவனின் சட்டையில் அறுந்திருந்த பட்டன் தைக்கப்பட்டிருந்தது ஒரு நாள். டிலானியின் பின்னல் யசோதா பின்னாத விதத்தில் இறுக்கமாக, அழகாக இருந்தது இன்னொரு நாள். தானே பின்னிக்கொண்டேன் என்றாள். யசோதா நம்பினாள். நம்புவது, கேட்பதைவிடக் குறைந்த வேலையாக இருந்தது.

ஈரத் தட்டை நங்கென்று தள்ளி வைத்தாள். பயம் போய்விட்டது, கொஞ்ச நேரத்துக்கு. இதெல்லாம் உலகத்தில் நடக்காததா? லேபில் கூட வேலை செய்கிற பாயிஸாவின் அக்காவுக்கு நடந்தது. யாரோ ஒருத்தி. கடுகண்ணாவையில் ஒரு வீடு. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து சோறு போட வைத்து, கடைசியில் கட்டினவளுக்கும் காட்டுகிறான்.

"எங்க அவ?" என்றாள்.

சுதேஷின் தோள்கள் இறங்கின. பொய் சொல்லி அலுத்தவன் இறக்கி வைக்கிற பாரம். "நீ நினைக்கிற மாதிரி இல்ல யசோ."

"எங்கன்னு கேட்டேன்."

"நாங்க தேடிப் போகல. வீடு பார்க்க வந்தோம். வந்தப்போ இருந்தாங்க. சாப்பிடுங்கன்னாங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "பிள்ளைங்க ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சாங்க."

டிலானி குசினி வாசலில் வந்து நின்றாள். தம்பியின் கையைப் பிடித்திருந்தாள்.

"அவங்க சத்தம் போட மாட்டாங்கம்மா," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் யசோதா தாங்கியிருப்பாள். மகள் அதை மெதுவாக, நோயாளியிடம் சொல்வது மாதிரி சொன்னாள். "நாங்க பேசினா கேப்பாங்க. நீங்க வந்ததும் படுத்துருவீங்க. இல்லன்னா ஏசுவீங்க. உங்க மேல தப்பு இல்ல. எங்களுக்குத் தெரியும், உங்களுக்குக் களைப்புன்னு."

"யாருக்காக களைச்சுப் போறேன் டிலானி?"

டிலானி தம்பியை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பின்பக்க அறையில் யாரோ கதிரையைத் தள்ளி எழுந்தார்கள்.

காலடி வந்தது. அவசரமில்லாத காலடி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை. யசோதாவுக்கு அந்த நடை தெரிந்தது. லேபில் நின்று நின்று இடது முழங்கால் போனதிலிருந்து அவள் அப்படித்தான் நடக்கிறாள்.

கருவாட்டு வாசம் கூடியது. கதவு நீங்கியது.

வந்தவள் யசோதா.

அதே உயரம். அதே மாநிறம். மோவாயில் அதே மச்சம். ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை, நெற்றியில் சுருக்கம் இல்லை, உதட்டோரம் கசப்பு இல்லை. பத்து வருடம் ஒரு குறையும் இல்லாமல் தூங்கி எழுந்தால் தன் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படி. கன்னம் மட்டும் ஈரமாக, இப்போதுதான் பிசைந்து வைத்த மாவு மாதிரி மினுங்கியது. அவள் சிரித்தபோது சிரிப்பு முதலில் வாயில் வந்து, பிறகு யோசித்து, கண்ணுக்கு ஏறியது.

"களைச்சுப் போய் வந்திருக்கீங்க," என்றாள் அவள். யசோதாவின் குரல்தான். வயதுக்கு வந்த பிறகு யசோதா யாரிடமும் பேசியிராத அளவுக்கு மென்மையாக. "உட்காருங்க."

ஜீவன் அக்காவின் கையை விட்டான். ஒரு நொடி யசோதா தன்னிடம்தான் வருகிறான் என்று நினைத்தாள். கையைக்கூட நீட்டினாள். அவன் அவளைத் தாண்டிப் போய் மற்றவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சேலைக்குள் முகத்தைப் புதைத்தான்.

யசோதா உட்கார்ந்துவிட்டாள். பின்னால் கதிரை தயாராக இருந்தது. சுதேஷ்தான் அதை இழுத்துப் போட்டிருந்தான்.

"கொஞ்ச நேரம் உட்காரு," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

"ஜீவன். வாடா. போவோம்."

எழும்பப் பார்த்தாள். எழும்ப முடியவில்லை. கட்டிப்போட்ட மாதிரி இல்லை. களைப்பு. இத்தனை வருடக் களைப்பும் ஒன்றாக வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. விரலைத் தூக்கவே யோசிக்க வேண்டியிருந்தது.

மற்றவள் குனிந்து, யசோதாவின் தோளிலிருந்து கைப்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். ஜில்லென்ற விரல்கள். முன்வாசலுக்குப் போனாள். அங்கே யசோதா கழற்றிவிட்ட செருப்பில் கால் நுழைக்கிற சத்தம் கேட்டது. சரியாகப் பொருந்தியது.

"சுதேஷ்." கல்யாணம் ஆனதிலிருந்து யசோதா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்த வீட்டுலயா இவளோட இருக்கப் போறீங்க?"

"இல்ல யசோ." அவன் நடையில் நின்றான். திரும்பவில்லை. "கலகெதர வீட்டைப் பேசி முடிச்சாச்சு. இவங்களுக்கு பஸ் தூரம் ஒண்ணும் இல்லையாம். இந்த வீடு நமக்கில்ல. உனக்குத்தான்."

அவன் தலையைக் குனிந்து சட்டத்தைக் கடந்து போனான்.

கதவு சாத்தப்பட்டது. மழைச் சத்தம் தாழ்ந்தது.

அவள் கதிரையிலிருந்து சரிந்தாள். நகர்ந்தாள். தரை குளிர்ந்தது. முழங்கை. முழங்கால். முழங்கை. ஹோல் ஜன்னல் வரைக்கும் போனாள். கட்டையைப் பிடித்துத் தொங்கி நிமிர்ந்தாள்.

வேன் சரிவில் பின்னுக்கு ஏறிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் தன் முகம். அதன் தோளில் பின்னாலிருந்து டிலானி சாய்ந்திருந்தாள். அம்மா தோளில் அவள் சாய்ந்து எத்தனை காலம். சுதேஷ் ஏதோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

யசோதா கண்ணாடியில் அறைந்தாள். சத்தம் வரவில்லை.

திரும்ப அறைந்தாள்.

வாயைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக் கத்தினாள். கண்ணாடியில் ஆவி படியவில்லை.

ஜீவன் மட்டும் ஒரு தடவை வீட்டைத் திரும்பிப் பார்த்தான். ஜன்னலை நேராகப் பார்த்தான். பிறகு, காலியான வீட்டைப் பார்க்கிற பிள்ளை மாதிரி, கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

மூட்டம் வேனை மூடியது.

பின்னால் ஏதோ அசைந்தது.

அவள் மெதுவாகத் திரும்பினாள். நடைக்கு அந்தப் பக்கம் பின்பக்க அறையின் கதவு முழுசாகத் திறந்து கிடந்தது. உள்ளே சுவரோரம் உட்காருவதற்கு ஒரு நீள மர வாங்கு. அதில் பெண்கள். முழங்காலோடு முழங்கால் ஒட்டி, கையை மடியில் வைத்து, வரிசையாக. ஒருத்தி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவள், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு. ஒருத்தி துணிக்கடைச் சீருடையில். ஒருத்தியின் கண் துடைத்த கைலேஞ்சி இன்னும் பிழியாத ஈரத்தோடு முஷ்டிக்குள். எல்லார் கண்ணும் ஹோல் ஜன்னலிலேயே இருந்தது, ரோட்டைப் பார்த்தபடி.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஓரத்தில் இருந்தவள் மட்டும் சேலையை ஒதுக்கி, கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவளும். அதற்கு அடுத்தவளும். ஒருத்தர் உட்காருகிற அளவுக்கு, வாங்கின் நுனியில் இடம் விட்டார்கள்.