பூட்டிய கோப்பினுள் மூடுபனி

புறநகரான ட்ருகனினாவின் கிடங்குக் கூரைகள் மூடுபனியிற் கரைந்து, வானமும் தெருவும் ஒன்றாகிவிட்ட காலை அது. கனவிலிருந்து நடந்து வருபவரைப் போல நொயல் அப்பனியினின்று வெளிப்பட்டு, கணினிச் சிக்கல்களை ஆராயும் மீனாம்பாளின் வாசலில் நின்றார். நொயல் வேலை செய்யும் குளிர்க்கிடங்கிலேயே கணினிப் பிரிவிலிருந்த பிரதீப்குமார், மீனாம்பாளுக்கு உதவியாளனாகவும் இருந்தான். அவன்தான் ஆவலோடு கதவைத் திறந்தான்.

"அக்கா, என்ர வேலை போகப்போகுது," என்றார் நொயல். "நேற்றுப் பின்னேரம் எந்த வண்டி எங்க போகுதெண்ட கோப்பைப் பூட்டிப்போட்டு, தடுப்பூசி வண்டியைப் பொயிண்ட் குக் கிளினிக்குக்கு மாத்தி எழுதினனான். காலமை பாத்தால் நான் எழுதினது ஒண்டுமில்லை. வண்டி பிழையான இடத்துக்குப் போய், மருந்தெல்லாம் பழுதாப்போச்சு. பூட்டு என்ர பேரில கிடக்காம். அப்ப நான்தான் அழிச்சனானாம். மேலாளர் மோனிகா இண்டைக்கே முடிவு சொல்லுவா."

"யாரோ பூட்டை உடைச்சிருக்காங்க அக்கா! விடக்கூடாது!" என்று துள்ளினான் பிரதீப்.

மீனாம்பாள் நொயல் கொண்டுவந்த மடிக்கணினியை அமைதியாக நோக்கினாள். "பூட்டு உடையலையே. அது பாட்டுக்கு இருக்கு. நொயல், கடைசி வரியில மூடுபனி எச்சரிக்கை இருக்கே, நீங்க எழுதினதா?"

"இல்லை அக்கா."

"அது என் ப்ரோக்ராம்!" என்றான் பிரதீப் பெருமையுடன். "வானிலையைப் பார்த்துத் தானே எழுதிடும்."

தேநீரின் ஆவியும் வெளிப்பனியும் சாளரக் கண்ணாடியின் இருபுறமும் மெல்லப் படர்ந்தன.

"பிரதீப், நம்ம ஊர் பஸ்ஸில துண்டு போட்டு இடம் பிடிப்பாங்களே, துண்டைப் பார்க்காதவன் என்ன பண்ணுவான்?"

"அது மேலேயே உக்காந்துடுவான்."

"இந்த சிஸ்டத்தில பூட்டு வெறும் துண்டுதான். 'பூட்டியிருக்கா'ன்னு கேக்குற ப்ரோக்ராம் ஒதுங்கிக்கும். உன்னோடது கேக்குதா?"

பிரதீப் மடிக்கணினியை எட்டிப் பார்த்தான். "கேக்காது அக்கா. ஒரு வரிதானேன்னு விட்டுட்டேன்."

"ஒரு வரி இல்லை. நொயல் எழுதறதுக்கு முன்னாடியே உன் ப்ரோக்ராம் பழைய கோப்பை முழுசா எடுத்து வெச்சிருக்கு. பனிச் செய்தி வந்ததும் அந்தப் பழசோட ஒரு வரி சேர்த்து, மொத்தத்தையும் மேல எழுதிடுச்சு. மனுஷங்க யாரும் அழிக்கலை."

"அப்போ கதவையே அடைக்கிற மாதிரி பூட்டு வெச்சிருக்கலாமே?"

"அடைச்ச ப்ரோக்ராம் பாதியில நின்னு உள்ளயே செத்துட்டா? வண்டியெல்லாம் தெருவில நிக்கும். எழுத வர்ற எல்லாரையும் சிஸ்டமே நிறுத்தணும். பூட்டினவன் செத்துட்டா, பூட்டும் தானா விழணும். நல்ல பூட்டுன்னா அதுதான்."

பிரதீப், மோனிகாவிடம் உண்மையைச் சொல்லக் கைப்பேசியை எடுத்தான்.

"தம்பி, முதல்ல தேத்தண்ணியைக் குடியும்," என்றார் நொயல்.

"குடிச்சா தைரியம் போயிடும் அண்ணா."

மறுமுனையில் மோனிகாவின் குரல் கேட்டதும், நொயல் தம் கதிரையை இழுத்து அவனருகே அமர்ந்துகொண்டார்.