நஷ்டஈடாக ஒரு மச்சான்

ட்ரிங்... ட்ரிங்...

கீழே ஹாலில் டெலிபோன் அலறியது.

மாடியிலிருந்து யாரோ தடதடவென்று இறங்கும் சத்தம். நாலாவது படியில் அது நின்றது.

அடுத்து வந்தது ஓர் அலறல்!

வீட்டுக்காரர் படிக்கட்டின் கீழே மல்லாந்து கிடந்தார். உயிர் இருந்தது. வலது கால் மட்டும் போகக்கூடாத திசையில் போயிருந்தது.

மாவுக்கட்டு காய்வதற்குள் வக்கீல் நோட்டீஸ் கிளம்பிவிட்டது. யாருக்கு...?

அவருடைய மனைவிக்கு!

படிக்கட்டைத் துடைத்தவள் மனைவி. ஈரமாக இருக்கிறது என்று எச்சரிக்காதவளும் மனைவி. எனவே கால் முறிந்ததற்கு நஷ்டஈடு தர வேண்டியதும் அவளே என்றது நோட்டீஸ்.

மனைவி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கும் அதிகாரி. கட்டுப் போட்டுக்கொண்டு வந்த எத்தனையோ புளுகர்களைப் பார்த்தவள். நோட்டீஸைப் பொறுமையாகப் படித்தாள். கணவருக்கு மாத்திரை கொடுத்தாள். சமரசத்துக்குத் தயார் என்று வக்கீலிடம் சொல்லி அனுப்பினாள்.

வக்கீல் பாவம், படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடந்தே செருப்பு தேய்ந்தார். மனைவி தன் நகைகளைத் தருவதாகச் சொன்னாள். வேண்டாம். சம்பளத்தில் பாதி? வேண்டாம். ஆயுசுக்கும் டி.வி. ரிமோட்? கணவர் கொஞ்சம் தடுமாறினார். அப்புறம் அதுவும் வேண்டாம் என்றுவிட்டார்.

"அப்ப என்னதான் சார் வேணும்?"

"மாடியில இருக்கானே... அவன் போகணும்."

அவன் என்றால் மச்சான். மனைவியின் தம்பி. வேலை கிடைக்கும் வரை தங்குகிறேன் என்று வந்தவன். வந்து மூன்று வருஷம் ஆகிறது.

வக்கீல் சமையலறைக்குத் திரும்புவதற்குள் மனைவியே வந்துவிட்டாள். கையில் ஒரு பச்சை சோப்பு!

"இது யாரோடது?"

கணவரின் முகம் வெளுத்தது.

"என்... சொறி சோப்பு."

"இதை எதுக்கு நாலாவது படியில தேய்ச்சு வச்சிருந்தீங்க? நான் பினாயில் போட்டுத்தான் துடைச்சேன்."

வக்கீல் ஓசைப்படாமல் ஃபைலை மூடினார்.

கணவர் உடைந்துபோனார். குறி மச்சானுக்குத்தான். லேசாக ஒரு சறுக்கல்... பயந்துபோய் மூட்டையைக் கட்டுவான் என்று நினைத்தாராம்.

"சோப்பு போட்டதே நீங்க. அப்புறம் ஏங்க அதுமேல ஓடி வந்தீங்க?"

"போன் அடிச்சுதே. அவனுக்கு வேலை கிடைச்சிருச்சு, அதான் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். அந்தச் சந்தோஷத்துல சோப்பு மறந்துபோச்சு."

மனைவி கட்டிலில் உட்கார்ந்தாள். கண்கள் கலங்கின.

"அந்தப் போனைப் பண்ணதே நான்தான்."

"நீயா?"

"சமையலறையில இருந்து, செல்லுல. படியில சோப்பு வாசனை வந்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. போன் அடிச்சா வேலைக்குத்தான் கூப்பிடறாங்கன்னு அவன் ஓடி வருவான்னு பாத்தேன். வெளிய போன்னு நான் வாயால சொன்னா, எங்கம்மா என்னைச் சும்மா விடுவாங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம்! மனைவியின் மேல் கணவருக்கு அப்படியொரு பிரியம் பொங்கியது. நோட்டீஸைக் கிழித்துப் போட்டார்.

கதவு திறந்தது.

மச்சான் நின்றான். ஒரு கையில் தலையணை, மறு கையில் போர்வை.

"நேத்து நிஜமாவே வேலைக்குக் கூப்பிட்டாங்க மாமா. வர முடியாதுன்னுட்டேன். உங்களை இந்த நிலைமையில விட்டுட்டு எப்படிப் போறது? இனிமே நானும் இந்த ரூம்லயே படுத்துக்கறேன்."

மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் சோப்பைப் பார்த்தார்.

இன்னும் முக்கால்வாசி மிச்சம் இருந்தது!