நாங்குநேரி வாசலில் நின்ற கார்

மெயின் ரோட்டிலிருந்து திரும்பும்போதே அந்த அம்பாசடரின் சத்தம் தேவமணிக்குக் கேட்டுவிட்டது. இரண்டு காலில் முள் தைத்த மாடு மாதிரி நொண்டி நொண்டி வந்து, தச்சநல்லூர் ஷெட்டின் வாசலில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. தேவமணி தகரம் தட்டுகிற சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். ஷெட்டில் பாதி அவனுடைய டிங்கர் வேலைக்கு. மறுபாதி மீரா முகைதீனுக்கு. வண்டியின் கரண்டுக் கோளாறு எதுவானாலும் ஊரில் அவரிடம்தான் வருவார்கள்.

பின்சீட்டிலிருந்து வைத்தி சார் இறங்கினார். காலேஜில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் வைத்திருக்கிறாரே தவிர ஓட்டத் தெரியாது. முன்னாலிருந்து டிரைவர் ஹெப்ரான் இறங்கினான். ஒன்பது வருசமாக அவருக்கு ஓட்டுகிறவன். அன்றைக்கு யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை.

"பாய், இதுல மாட்டியிருக்கறது போலிச் சாமான்" என்றார் வைத்தி. "அதை உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடுவேன்."

"முதல்ல நடந்ததைச் சொல்லுங்க சார்."

"என் பொண்ணு பார்கவி சென்னையிலேர்ந்து ஒரிஜினல் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி அனுப்பினா. வெள்ளிக்கிழமை இவன் கையில குடுத்தேன். அன்னிக்கே மாட்டினான். அன்னிலேர்ந்துதான் இந்த உதறல். ஞாயித்துக்கிழமை நாங்குநேரிக் கோயில் வாசல்ல நின்னே போச்சு. புதுசு போட்ட வண்டி எப்படி நிக்கும்? ஒரிஜினலை வித்துட்டு மட்டமானதை மாட்டியிருக்கான்!"

"அத்தன சனத்துக்கு முன்னால திருட்டுப்பயலேன்னாரு அண்ணாச்சி" என்றான் ஹெப்ரான். "லைசென்சையும் புடுங்கி வச்சிக்கிட்டாரு. இப்பமும் லைசென்ஸ் இல்லாமத்தான் ஓட்டிட்டு வாரேன்."

தேவமணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடன் என்று லைசென்சைப் பிடுங்குவார். அந்தத் திருடனையே ஓட்டச் சொல்லி இவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து வருவார். நம்ம மாதிரி ஆளுக்குப் போனது பேர் என்றால், அதை எந்தக் கடையில் வாங்குவது?

வைத்தி ஒரு தாளை நீட்டினார். என்றைக்கு, எந்த இடத்தில், எத்தனை தடவை உதறியது என்று பென்சிலால் முத்து முத்தாக எழுதி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தார். துண்டுப் பென்சில் சட்டைப் பையில் ஹெப்ரானின் லைசென்சுக்குப் பக்கத்தில் சொருகியிருந்தது. மீரா முகைதீன் தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டார்.

"காயில்தான் அண்ணாச்சி போயிருக்கும்!" என்றான் தேவமணி.

"பைய வே. காயில் போனா நாலு சிலிண்டருக்குந்தானே கொறையும்?"

என்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். இரண்டாவதைக் கழற்றியபோது என்ஜின் தொய்ந்தது. நாலாவதற்கும் அப்படியே. ஒன்றையும் மூன்றையும் கழற்றினால் என்ஜினுக்கு அது தெரியவே இல்லை. அந்த இரண்டும் ஏற்கெனவே செத்துக் கிடந்தன. பிளக்குகளை இடம் மாற்றினார். வயர்களையும் மாற்றினார். செத்தது அதே ஒன்றும் மூன்றும்தான்.

"பிளக்கும் இல்ல, வயரும் இல்ல" என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். காயிலிலிருந்து வருகிற கரண்டை நாலு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பிரிக்கிற இடம் அது. கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி இருக்கும். அதன் உள்பக்கத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஹெப்ரான், பழைய மூடிய என்ன செஞ்ச?"

டிக்கியில் துணி சுற்றி வைத்திருந்ததை ஹெப்ரான் எடுத்து வந்தான். லேசான கீறல்தான், மழையில்தான் தகராறு செய்யும் என்றான். அதை மாட்டியதும் என்ஜின் தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது.

"பார்த்தேளா!" என்று குதித்தார் வைத்தி. "புதுசு போலி! நான் சொன்னேனா இல்லையா?"

ஒரு கணம் தேவமணியே ஹெப்ரானைத் திரும்பிப் பார்த்துவிட்டான். ஹெப்ரான் அதைக் கவனித்துவிட்டான். தேவமணி தலையைக் குனிந்துகொண்டான்.

"புது மூடி வந்த பெட்டிய யாரு சார் பிரிச்சது?" என்றார் மீரா முகைதீன்.

"நான்தான். புதுச் சாமான் எதையும் நான் அப்படியே குடுக்கறதில்ல. சாமி படத்துக்கிட்ட வச்சு எடுத்துத்தான் குடுத்தேன்."

"வச்சு எடுத்தது மட்டுந்தானா?"

மீரா முகைதீன் மூடியை வைத்தியின் கண்ணுக்கு நேரே கவிழ்த்துப் பிடித்தார். உள்ளே, ஒன்றாவது முனைக்கும் மூன்றாவது முனைக்கும் நடுவில், கறுப்பின்மேல் வெள்ளிபோல் மினுங்கியது ஒரு பிள்ளையார் சுழி. அடியில் இரண்டு கோடு.

"உள்ள எதுக்குப் போட்டீங்க?"

"வெளியில போட்டா… கிரீஸ் கை பட்டு அழிஞ்சுடுமேன்னு…"

"பென்சில் கரியில கரண்டு ஓடும் சார். ஒண்ணும் மூணும் மூடிக்குள்ள பக்கத்துப் பக்கத்து முனை. ஒண்ணாவதுக்குன்னு வர்ற கரண்டு நீங்க இழுத்த கோட்டைப் புடிச்சு மூணாவதுக்குப் போவுது. மூணாவதுக்கு வந்தது ஒண்ணாவதுக்கு. ரெண்டுமே பட்டினி. கோளாறு இதுதான்." மடித்த தாளை எடுத்து மூடிக்குப் பக்கத்தில் வைத்தார். "இந்தச் சுழியும் அந்தச் சுழியும் ஒரே கை. இவன் கழுத்துல கெடக்கது மாதா படம் போட்ட உத்தரியம். இவன் இதைப் போட்டிருக்க மாட்டான். ஒரிஜினலை வித்துட்டு வேற மாட்டியிருந்தான்னா, அந்த வேறயில உங்க கை எப்படி வந்துது? நீங்க குடுத்ததைத்தான் அவன் மாட்டியிருக்கான்."

பெட்ரோல் நனைத்த துணியால் சுழியைச் சுத்தமாகத் துடைத்து, புது மூடியை மறுபடி மாட்டினார். நாலு சிலிண்டரும் ஒரே தாளத்தில் ஓடின.

"அடிச்சீங்க பாருங்க அண்ணாச்சி!" என்று கத்தினான் தேவமணி.

வைத்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். லைசென்சை எடுத்து ஹெப்ரானிடம் நீட்டினார். "சரி சரி, ஆனது ஆச்சு. வண்டிய எடு." பழக்கப்படி பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஹெப்ரான் லைசென்சின் இரண்டு பக்கத்தையும் சட்டையில் துடைத்துப் பையில் வைத்தான். ஜன்னல் வழியே கையை விட்டு என்ஜினை அணைத்தான். சாவியை மீரா முகைதீனிடம் கொடுத்தான்.

"என்னடா?" என்றார் வைத்தி.

"திருட்டுப்பயலேன்னு நாங்குநேரிக் கோயில் வாசல்ல சொன்னிய சார். பூக்காரம்மா கேட்டா, டீக்கடைக்காரர் கேட்டாரு, பஸ்ஸுக்கு நின்ன பிள்ளையளும் கேட்டுச்சு. திருடன் இல்லங்கதையும் அங்கன வந்து சொல்லுங்க. அதே சத்தத்துல."

"அதான் இங்க எல்லார் முன்னாலயும் தெரிஞ்சு போச்சே! சரி, சொல்றேன். நாங்குநேரிக்கே விடு."

"ஓட்ட மாட்டேன். நான் பஸ்ஸுல போறேன். நீங்களும் பஸ்ஸுல வாங்க. சொல்லி முடிச்ச பொறவுதான் இந்த ஸ்டியரிங்கத் தொடுவேன்."

அவன் ரோட்டைப் பார்த்து நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

காருக்குள் வெக்கை ஏறியது. வைத்தி முன்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மீரா முகைதீன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். தேவமணி சுத்தியலை எடுத்தான், ஆனால் தட்டவில்லை.

ரொம்ப நேரம் கழித்துப் பின்கதவு திறந்தது.

"தேவமணி" என்றார் வைத்தி. "நாங்குநேரிக்கு எந்த பஸ்ஸுப்பா?"

"புது பஸ் ஸ்டாண்டுல நாகர்கோவில் வண்டி ஏறுங்க சார்" என்றான் தேவமணி. "ஊருக்குள்ள போவுமான்னு கேட்டுக்கிட்டு ஏறுங்க. பஸ்ஸுல போற எங்களையெல்லாம் பைபாஸ்லயே எறக்கி விட்டுருவான்."