ஏரியில் உப்புத் தண்ணீர்

காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்கு வில்சன் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. மழை விட்டிருந்தது. வேலூர் சத்துவாச்சாரியில் ஜெனரேட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். வெள்ள மீட்புப் படகு ஓட்ட ஆளில்லை, எஞ்சின் தெரிந்தவன் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள்.

படகு புதுசு, எஞ்சின் பழசு. சென்னைப் பக்கம் கடலில் கவிழ்ந்த படகிலிருந்து எடுத்ததாம். அதை ஓட்டியவனின் உடம்பு கடைசிவரை கிடைக்கவில்லை என்று கரையில் நின்ற ஒருவர் சொன்னார். வில்சன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்கரையில் தண்ணீர் சூழ்ந்த குடியிருப்பில் சானியாவுக்குத் தலைப்பிரசவ வலி. கணவன் நவீத், ரோடு துண்டாகிப்போனதால் ஆம்பூர் தோல் தொழிற்சாலையிலேயே மாட்டிக்கொண்டிருந்தான். நர்ஸ் கேத்தரினோடு போய் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வானம் மறுபடி கறுத்துவிட்டது.

ஏரி நடுவில் எஞ்சின் இரண்டு முறை இருமியது. நின்றது.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. ஏரி நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கல் சுவரைத் தாண்டித் தண்ணீர் விழும் சத்தம். படகு மெல்ல அந்தப் பக்கம் திரும்பி நகர ஆரம்பித்தது.

"இன்னாச்சு அண்ணா?" என்றாள் கேத்தரின்.

"டீசல் கம்மியா இருந்துச்சு. படகு சாஞ்சதுல பைப்பு காத்தை இழுத்துடுச்சு. காத்தை எடுத்தாதான் ஸ்டார்ட் ஆவும். அஞ்சு நிமிஷம், சிஸ்டர்."

கேனிலிருந்த டீசலை டேங்கில் ஊற்றினான். ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினான். நுரையும் குமிழியுமாக டீசல் கசிந்தது. குமிழி நின்று வெறும் டீசல் வந்ததும் திருகை மூடிவிடலாம். எத்தனையோ முறை செய்த வேலை.

குமிழி நிற்கவில்லை.

அவன் கட்டைவிரல் மரத்துப்போனது. பைப்பை, வாஷரை, ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பார்த்தான். எங்கும் ஓட்டை இல்லை. கேத்தரின் ஒரு பலகையை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினாள். ஓட்டம் அதைப் பிடுங்கிக்கொண்டு போனது.

அப்போதுதான் வில்சன் கவனித்தான். அவன் அழுத்துவதற்கும் குமிழி வருவதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கொத்து வரும். நிற்கும். மறுபடி ஒரு கொத்து.

மூச்சு விடுவதுபோல.

கையை எடுத்தான்.

குமிழி வந்துகொண்டே இருந்தது.

பதற்றத்தில் பைப்பைக் கழற்றி வாய் வைத்து உறிஞ்சினான். வாய்க்குள் வந்தது டீசல் இல்லை. தொண்டையை அறுக்கும் உப்புத் தண்ணீர். துப்பினான். கடல் அங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்.

"ரத்தம் ஜாஸ்தியா போவுது அண்ணா," கேத்தரின் கிசுகிசுத்தாள். அவள் முழங்கை வரை சிவப்பாக இருந்தது.

சானியா கண்களைப் பாதி திறந்தாள். பார்வை வில்சனின் தோளுக்குப் பின்னால் போயிற்று.

"அவரை ஒக்காரச் சொல்லுங்க. நனைஞ்சுபோய் நிக்கிறாரு."

"யாரும்மா?"

"எஞ்சினாண்ட."

வில்சன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. எதிரே கலங்கலின் வெள்ளை நுரை தெரிந்தது. பைப்பை மாட்டினான். எஞ்சின் மேல் நெற்றி படும்படி குனிந்தான்.

"அண்ணே, நீ யாருன்னு எனக்குத் தெரியாது. உன் மூச்சு பூரா வெளிய வர்ற வரைக்கும் இந்தத் திருகை மூட மாட்டேன். ஆனா சீக்கிரம் விட்ரு. ரெண்டு உசுரு இருக்குது இங்க."

அழுத்தினான்.

நீளமாக, முடிவே இல்லாததுபோல் குமிழிகள் வந்தன. கூடவே மெலிந்த ஒரு முனகல், அழுகிய பாசி நாற்றம். பிறகு எல்லாம் அடங்கியது. டீசல் தெளிவாக வழிந்தது.

திருகை இறுக்கினான். பம்பிலும் இஞ்செக்டரிலும் மிச்சக் காற்றை எடுத்தான். ஸ்டார்ட் பண்ணும் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினான். பாதிச் சுற்றுக்குமேல் நகரவில்லை. தோளில் பலமே இல்லை.

அவன் கைமேல் இன்னொரு கை வந்து படிந்தது.

ஜில்லென்று இருந்தது. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய தோல்.

ஹேண்டில் சுற்றியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. கலங்கலுக்குப் பத்தடி முன்னால் படகைத் திருப்பினான்.

கரையில் காத்திருந்த ஆம்புலன்ஸ் சானியாவையும் கேத்தரினையும் ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் பறந்தது. கூட்டம் கலைந்தபிறகும் வில்சன் கரைப் புல்லிலேயே உட்கார்ந்திருந்தான். எட்டு மணிக்கு கேத்தரின் போன் செய்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சுது அண்ணா. பொண்ணு. அம்மாவும் பொழைச்சுட்டாங்க."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது, கரையோரம் கட்டியிருந்த படகு தெருவிளக்கு வெளிச்சத்தில் கண்ணில் பட்டது. அதில் யாரும் இல்லை. ஆனால் பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சட்டென்று மேலே எழும்பி ஆடியது, ஒரு ஆள் இறங்கினால் ஆடுகிற மாதிரி.

காற்று இல்லை. வில்சனின் இடப்பக்கத்துக் கோரைப்புல், ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு மெல்லப் படிந்தது.