ஃப்ரிட்ஜோடு போன சுரம்

ஐந்து மணிக்குள் அக்காவின் ஒலிப்பதிவு இசைப்பள்ளிக்குப் போய்ச் சேரவேண்டும். இல்லாவிட்டால் இந்த வருஷம் இடம் கிடையாது. மணி நாலு பத்து. அக்கா சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மேஜைமேல் தலை சாய்த்து அழ இடமில்லை. அங்கே அண்ணனின் கம்ப்யூட்டர் இருந்தது.

குற்றவாளி ஃப்ரிட்ஜ். நேற்று அக்கா செல்லோ என்ற ஆளுயரப் பெரிய வயலினை வாசித்த ஐந்து நிமிடமும் அது "ம்ம்ம்" என்று கூடவே பாடியிருந்தது. மறுபடி வாசிக்கலாம் என்றால், இரவல் வாங்கிய செல்லோ காலையிலேயே திரும்பிப் போய்விட்டது.

"அழாதே. நான் எழுதின ஈக்வலைசர் எதுக்கு இருக்கு?" என்றான் அண்ணன். எந்த ஒலியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று பார்த்துக்கொள்ளும் புரோகிராம் அது. இரண்டு வருஷம் காலேஜில் படித்த கெத்தோடு பொத்தானைத் தட்டினான்.

ஃப்ரிட்ஜ் வாயை மூடியது. கூடவே செல்லோவின் கனத்த அடிச்சுரமும் காணாமல் போனது.

"கொசு வாசிக்கிற மாதிரி இருக்கு!" மேஜைக்கு அடியில் அழுகை ஒரு படி ஏறியது.

வாண்டு வீட்டின் கடைக்குட்டி, பத்து வயது. குனிந்து அக்காவிடம் ஒரு துண்டை நீட்டிவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணா ரெண்டும் சேர்ந்து போச்சு?"

"ஃப்ரிட்ஜ் சத்தம் நொடிக்கு அம்பது தடவை அதிருது. உங்கக்கா அடிச்சுரம் அறுபத்தஞ்சு தடவை. என் புரோகிராம் ஒலியை நாப்பது நாப்பதா பெட்டி கட்டும். நாப்பதுலேருந்து எம்பது வரைக்கும் ஒரே பெட்டி. அதைத் தூக்கினா ரெண்டும் காலி."

"சின்னப் பெட்டியா கட்டேன்."

"அதுக்கு ஒலியோட ஒவ்வொரு துண்டையும் புரோகிராம் ரொம்ப நேரம் கேக்கணும்."

"இப்ப எவ்வளவு நேரம் கேக்குது?"

"ஒரு நொடியில நாப்பதுல ஒரு பங்கு."

"திட்டறதுக்கு முன்னாடி அம்மாகூட அதைவிட அதிகமா கேப்பாங்க!"

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்," என்றது அடுத்த அறையிலிருந்து ஒரு குரல்.

வாண்டுக்குப் பூங்கா ஊஞ்சல்கள் நினைவுக்கு வந்தன. பக்கத்துப் பக்கத்தில் ஆடும் இரண்டு ஊஞ்சல்கள் முதலில் ஒன்றாகவே போவது போலத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தால்தான் ஒன்று முந்துவது தெரியும்.

"அரை நொடி கேக்கச் சொல்லுண்ணா."

"சொல்லலாம். பெட்டி ரெண்டு ரெண்டா சுருங்கிடும். ஆனா சத்தம் அரை நொடி லேட்டா வருமே! மேடையில அப்படி வந்தா செருப்பு பறக்கும். மேடைக்குன்னுதான் இதை எழுதினேன்."

"இங்க மேடை எங்கண்ணா? அக்கா நேத்தே வாசிச்சு முடிச்சுட்டா. இப்ப யாருக்கு அவசரம்?"

அண்ணன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். ஓர் எண்ணை மாற்றினான்.

அடிச்சுரம் அறை முழுக்க உருண்டு வந்தது. இரைச்சல் இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து முதலில் ஒரு காது வந்தது, பிறகு அக்கா முழுசாக வந்தாள்.

"ரொம்ப நேரம் கேட்டுக் கேட்டு, நான் விரலால சுண்டின குட்டிச் சத்தமெல்லாம் குழையுது," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "கால் நொடி வெச்சுப் பாருண்ணா."

கால் நொடியில் சுண்டிய ஒலியும் பிழைத்தது, சுரமும் பிழைத்தது.

நாலு ஐம்பத்தெட்டுக்குப் பதிவு போனது. ஐந்துக்கு "பதிவு கிடைத்தது" என்று பள்ளியிலிருந்து பதில் வந்தது. அக்கா வாண்டை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை போடுண்ணா. இவ முதல்லேருந்து கேக்கட்டும்."