அறுபது டிகிரி

"எவன்டா அது... என் அடுப்புல கைய வச்சவன்!"

கத்திய பிறகுதான், கத்தியது தமிழில் என்பதே அவளுக்கு உறைத்தது. பரவாயில்லை. கடல் தாண்டிப் படிக்க வந்து பதினொரு மாதம் ஆகிறது. ஆய்வுக்கூடத்தின் இந்தக் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு அவள் எத்தனையோ பேரை வாய் நிறையத் தமிழில் திட்டியிருக்கிறாள். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த ஒரு சுகத்துக்காகவே வெளிநாடு வரலாம்.

"நான்தாங்க..."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பின்னால் ஒருவன் நின்றிருந்தான். நெடுநெடுவென்று உயரம். கை நிறைய மரக்கட்டைகள். சட்டையெல்லாம் மரத்தூள், புருவத்தில்கூட. அந்தப் புருவத்துக்குக் கீழே இரண்டு கண்கள்... தப்பு செய்துவிட்டு டீச்சர் முன்னால் நிற்கிற பையனுடைய கண்கள்.

'பார்க்கிற பார்வையைப் பாரு' என்று மனசு சொன்னது. அவள் மனசை அதட்டி உட்கார வைத்தாள்.

"நீங்கதானா? அறுபதுல இருந்ததை நூத்தஞ்சு ஆக்குனது?"

"ஆமாங்க. நேத்து சாயங்காலம் பக்கத்து அடுப்புல என் கட்டையை வைக்க வந்தேன். உங்க டப்பால மண்ணு இருந்துச்சு. மண்ணுக்கு நூத்தஞ்சுதானே? நானும் ஊர்ல சிவில்தான் படிச்சேன், அப்புறம்தான் மரத்துக்கு மாறினேன். யாரோ கை பட்டு கொறஞ்சிருக்கும்னு நெனச்சு... ஒரு உதவியா இருக்கட்டுமேன்னு..."

"உதவியா!"

அடுப்பு என்றால் சோறு பொங்குகிற அடுப்பு இல்லை. இரும்பு பீரோ மாதிரி ஆள் உயரம் நிற்கும். மண்ணையோ மரத்தையோ உள்ளே வைத்துக் கதவை மூடினால் சூட்டுக் காற்றை ஊதி ஊதி ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். அவள் ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். தீய்ந்த வாடை குப்பென்று அடித்தது.

"இது சாதா மண்ணு இல்லீங்க. சதுப்பு மண்ணு. பாதிக்குப் பாதி மக்கின செடி. நூத்தஞ்சுல வச்சா காயாது, கருகிப் போகும். அந்தச் செடி எவ்வளவு இருக்குங்கிறதுதான் என் ஆராய்ச்சியே. பதினெட்டு டப்பா! மொத்தமும் போச்சு!"

அவன் முகம் செத்துப்போனது. "நான் வேணா..."

"நீங்க ஒண்ணும் வேணாம். தள்ளுங்க."

அழுகை தொண்டை வரைக்கும் வந்தது. அழ இப்போது நேரம் கிடையாது. ஆய்வை அரங்கில் சமர்ப்பிக்க இன்னும் சரியாக நான்கு வாரம். அந்த நாள் தவறினால்...

தவறக் கூடாது. புறப்படும் முன் அப்பாவோடு போட்ட ஒப்பந்தம் அப்படி. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முப்பது வருடத்தில் ஒருநாள்கூட மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழையாதவர். "ஒரு வருஷம் டைம் பாப்பா. சொன்ன நாள்ல முடிச்சுட்டா, கல்யாண விஷயத்துல உன் பேச்சு. ஒரு நாள் தள்ளிப்போனாலும் என் பேச்சு. சரியா?" என்றார். சரி என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அத்தை வகையில் ஒரு மாப்பிள்ளையை அப்பா ஏற்கெனவே மனசில் முடிந்து வைத்திருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அன்று மத்தியானமே நோட்டை விரித்து உட்கார்ந்தாள். அடுப்பில் இனி வாரத்துக்கு ஒரு தட்டுதான் காலி. ஒரு தட்டுக்கு ஆறு டப்பா. ஆக, மூன்று சனிக்கிழமை, மூன்று தடவை சதுப்பு நிலம். கடைசி வாரம் எழுதுவதற்கு. ஒரு நாள்கூட மிச்சமில்லை. 'முடியும்' என்று நோட்டின் மேல் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

* * *

சனிக்கிழமை காலை மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. ஒரு தோளில் டப்பா பை, இன்னொரு தோளில் மண்ணைத் துளைத்து எடுக்கும் நீளக் கம்பி. பஸ் நிறுத்தத்தில் அவன் நின்றிருந்தான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்!

"நீங்க எங்க இங்க?"

"பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"எந்தப் பஸ்ஸுக்கு?"

"உங்க பஸ்ஸுக்குத்தான்... அடுப்புக் கதவுல 'சனிக்கிழமை காலை, சதுப்பு'ன்னு சீட்டு ஒட்டியிருந்தீங்களே. நான் உங்ககூட வரலீங்க. பஸ் எல்லாருக்கும் பொதுதானே?"

"சதுப்பு நிலத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"காத்து வாங்கப் போறேன்."

"இந்த மழையிலயா?"

"ஈரக் காத்துதான் ஒடம்புக்கு நல்லதாம்" என்றான், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட பிறகுதான் சிரித்தாள். கண்ணாடியில் அந்தச் சிரிப்பு அப்படியே தெரிந்தது அவளுக்குத் தெரியாது. பின் சீட்டில் இருந்தவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

சதுப்பில் இறங்கியதும் காத்து வாங்க வந்தவன் கம்பியை வாங்கிக்கொண்டான். எங்கே குத்தணும், எவ்வளவு ஆழம் என்று அவள் சொல்லச் சொல்ல, அமுக்கித் திருகி இழுத்தான். நான்காவது குழியில் கம்பி வந்தது, கால் வரவில்லை. ஆளை இழுத்தால் பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டு, "மேடம்... சும்மா பாத்துக்கிட்டே நிக்காதீங்க மேடம்..." என்றான்.

இந்த முறை சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினொரு மாதத்தில் இப்படிச் சிரித்ததே இல்லை.

"மரமண்டை!" என்றாள், கையை நீட்டியபடி.

"மரம் படிக்கிறவனுக்கு வேற எப்படிங்க இருக்கும் மண்டை?" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

பிடித்த கை சில்லென்று இருந்தது. சேறு வேறு. ஆனாலும் அவள் விட மறந்துபோனாள்... ஒரு விநாடி... இரண்டு விநாடி... மழைத் துளி அவன் இமையில் நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு டப்பாவுக்கு மூடி போட்டாள். தப்பான மூடி.

அடுத்த சனிக்கிழமையும் அவன் காத்து வாங்க வந்தான். அவள் பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தாள். ஒரு டம்ளர் போதாதா? என்னவோ, இரண்டு எடுத்து வைத்திருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில், தான் அறுத்துச் சோதிக்கிற கட்டைகளைப் பற்றி அவன் விடாமல் பேசினான். எந்த மரம் எவ்வளவு நாளில் காயும், எது வெடிக்கும், எது வளையும் என்று. அறுவையோ அறுவை! ஆனால் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது, 'அதுக்குள்ளயா?' என்று இருந்தது.

பன்னிரண்டு டப்பா முடிந்திருந்தது.

* * *

திங்கட்கிழமை பேராசிரியர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், முகமெல்லாம் கருணை. "உன் நண்பன் வந்து எல்லாவற்றையும் சொன்னான். தவறு முழுக்கத் தன்னுடையது என்றான். கவலையை விடு. உனக்கு அடுத்த பருவம் வரைக்கும் அவகாசம் தந்துவிட்டேன்" என்றார்.

அடுத்த பருவமென்றால் அப்பாவிடம் ஒப்புக்கொண்ட நாள் தாண்டிவிடும்.

அவகாசம் வேண்டாம் என்று மன்றாடினாள். அவர் விநோதமாகப் பார்த்தார். "அப்படியானால் குறித்த நாளில் பதினெட்டும் வந்தாக வேண்டும். அப்புறம் சாக்குச் சொல்லக் கூடாது." சொல்ல மாட்டேன் என்றாள்.

மரப்பட்டறைக்குள் அவள் நுழைந்த வேகத்தில் அவன் ரம்பத்தை நிறுத்திவிட்டான்.

"உங்களை யாருங்க போய்ச் சொல்லச் சொன்னது?"

"தப்பு என்னோடது. நீங்க எதுக்கு இவ்வளவு கஷ்டப்படணும்னு..."

"நான் கேட்டேனா? அன்னைக்கு அடுப்பு... இன்னைக்கு என் படிப்பு! யாரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? உங்களுக்கா தோணுச்சுன்னா திருகிடுவீங்களா?"

"நல்லதுக்குத்தாங்க..."

"யாருக்கு நல்லது? சொன்ன நாள்ல முடிச்சாதான் கல்யாணத்துல என் பேச்சு. தள்ளிப்போனா எங்கப்பா கை காட்டுற ஆளுக்குக் கழுத்த நீட்டணும். அதுக்குத்தான் வழி பண்ணிக் குடுத்தீங்க. ரொம்ப நன்றி!"

ரம்பத்தின் மேல் அவன் வைத்த கை அப்படியே இருந்தது. அந்தக் கண்களில் ஏதோ ஒன்று அணைந்ததை அவள் பார்த்தாள். பார்த்தும் நிற்காமல் வந்துவிட்டாள். கோபம் கண்ணை மறைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் ஒரு செய்தி வந்தது.

'நாளைக்கு வரட்டுமா? வேண்டாம்னா வர மாட்டேன்.'

'வாங்க' என்று அடித்தாள். அழித்தாள். 'தேவையில்லை' என்று அடித்தாள். அதையும் அழித்தாள். பதில் போடாமலே போனைக் கவிழ்த்து வைத்தாள். ரோஷம்!

சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் யாருமில்லை. அவளே சொன்னதுதானே, கேட்காமல் எதையும் செய்யாதே என்று? சொன்னபடி கேட்டிருக்கிறான், பதில் வராததால் வரவில்லை. நியாயமான காரியம்தான். பிறகு ஏன் பஸ் கிளம்பிய பிறகும் அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்?

அன்று மழை வெளுத்து வாங்கியது. கம்பி முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. மூன்றாவது குழியில் முட்டிக்கால் போட்டு விழுந்தாள். எழுந்தாள். ஐந்தாவதில் உள்ளங்கை கிழிந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஆறாவதைத் துளைத்தாள். ஆறாவது டப்பாவை மூடியபோது உடம்பெல்லாம் சேறு. பற்களில்கூட மண் கடிபட்டது. 'என்னால முடியும். யாரும் வேண்டாம்' என்று உரக்கச் சொன்னாள். முடிந்ததென்னவோ உண்மை. யாரும் வேண்டாம் என்பதுதான் பொய்யென்று, சொன்ன அந்த விநாடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

* * *

குறித்த நாள், காலை பத்து மணி. அரங்கில் நின்று நாற்பது நிமிடம் பேசினாள். பதினெட்டு டப்பா, பதினெட்டு எண்கள். கேள்விக்குக் கேள்வி பதில் சொன்னாள். பேராசிரியர் எழுந்து கை குலுக்கியபோதுதான் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

அவன். இன்றைக்கு மரத்தூள் இல்லாத சட்டை. எல்லோரும் கை தட்ட, அவனும் தட்டினான். தட்டிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

போன் அடித்தது. அப்பா.

"பாப்பா, என்னம்மா ஆச்சு?"

"பாஸ்ப்பா."

"சொன்ன நாள்லயா?"

"சொன்ன நாள்லதான்ப்பா." சொல்லிக்கொண்டே நடந்தாள். நடை ஓட்டமானது.

"எனக்குத் தெரியும்மா, நீ முடிச்சிருவேன்னு. சரி, அத்தை வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. உன்னைக் கேட்டுத்தான் சொல்லணும்னு நானும்..."

வாசல் படிகளில் அவன் இறங்கிக்கொண்டிருந்தான். வெளியே மழை, குடை இல்லாமல் நனையத் தயாராகி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, கல்யாண விஷயத்துல இப்ப என் பேச்சுதானே?"

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

"அப்போ பேசுறேன்ப்பா." மூச்சு வாங்கியது. படியின் உச்சியில் நின்று, போனில் சொல்ல வேண்டியதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு!"

கீழே அவன் கால் அந்தரத்தில் நின்றது. மெல்லத் திரும்பினான்.

"மரம் படிக்கிறாருப்பா. கேக்காம உதவி பண்ணி என் உயிரை வாங்குனாரு. இப்ப, நான் கூப்பிடலைங்கிறதுக்காக வராம இருந்து அதைவிட அதிகமா வாங்குறாரு. அவர்கிட்ட நான் இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

அந்தப் பக்கம் பள்ளிக்கூடமே அடங்கிப்போகிற அப்பாவின் அமைதி. அவள் தலை குனியவில்லை.

"பாப்பா... அந்தத் தம்பிக்கு எப்பத்தான் சொல்லப் போற?"

"சொல்லியாச்சுப்பா. முன்னாலதான் நிக்கிறாரு. மழையில."

"நனைய விடாத. போனை அவர்கிட்ட குடு."

நீட்டினாள். படியேறி வந்தவன் இரண்டு கையாலும் போனை வாங்கிக்கொண்டான். "சொல்லுங்க சார்... ஆமா சார்... மரம்தான் சார்..." வேர்த்தானா, மழையா, தெரியவில்லை. பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றான். கடைசியில் அப்பா என்னவோ ஒன்று கேட்டிருக்க வேண்டும். பதில் சொல்லாமல் அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"உங்கப்பா... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கான்னு கேக்குறாரு." குரலைத் தாழ்த்தினான். "சொல்லட்டுமா?"

இப்போது... இந்தத் தடவையும்... கேட்டுவிட்டான்!

நான்கு வாரமாகத் தொண்டையில் நின்ற அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"சொல்லுடா, மரமண்டை" என்றாள்.

சொன்னான்.