பதினோரு நாள் ஆன பாட்டில்

புதிதாக ஊதி எடுத்த பாட்டில் சத்தம் போடும். அச்சிலிருந்து வெளியே வந்து சூடு ஆறும்போது அதன் உடம்பு கொஞ்சம் சுருங்கும், எங்கோ ஒரு மடிப்பு இடம் மாறும், 'டக்' என்று ஒரு சின்ன ஓசை வரும். ஒன்பது வருடமாக அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவனுக்கு அது காதில் விழுந்தும் விழாத விஷயம். ஆனால் அன்று மதியம் மூன்றரை மணிக்குத் தன் வீட்டுச் சமையலறை அலமாரியில் 'டக்' என்று கேட்டபோது, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரைப் பாதியில் நிறுத்தினான். அலமாரியில் இருந்த பாட்டில்களை ஊதி எடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பதினோரு நாளில் மனிதனின் கோபமே ஆறிவிடும். காலி பாட்டிலில் ஆறுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

டக். டக். டக்.

நின்றது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியை இழுத்துப்போகும் ஓசை, குழாயில் சொட்டும் நீர், கூடத்தில் இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் வழுக்கும் 'ஸ்ஸ்'. பிறகு அலமாரிக்குள்ளிருந்து மறுபடியும் மூன்று.

"என்னங்க, நாளைக்கு விசாரணைக்கு நானும் அக்காவும் வர்றோம்" என்றாள் மனைவி கூடத்திலிருந்து. அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது நாளைக்கு அவன் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையை. அக்கா என்றது அவளுடைய அண்ணியை. இவன் அப்படித்தான் கூப்பிடுவான், கேட்டுக் கேட்டு அவளுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

"நீங்க எதுக்கு? சும்மா ரெண்டு கேள்வி கேட்டு எழுதிக்குவாங்க."

"எங்கண்ணன் யார்கிட்டயும் சொல்லாம உள்ள இறங்கிட்டார்னு எழுதியிருக்காங்களாம். பாத்ரூம் போறதுக்கே ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டுப் போற ஆளுங்க அவர்." சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் விட்டுவிட்டாள். "எப்படிச் சொல்லாமப் போவார்? அதை மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்."

சூடான துணியின் வாசம் சமையலறை வரைக்கும் வந்தது. அவனுக்குக் கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது. வெட்கம் என்றால் முகம் சிவக்கும் என்பார்கள். அவனுக்கு அது பதினைந்து நாளாகப் பிடரியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அவளுடைய அண்ணன், இவனுக்கு மச்சான், அந்தப் பாட்டில் தொழிற்சாலையில் இவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். சரக்குப் பக்கம் அவர், இயந்திரத்தின் பக்கம் இவன். பாட்டில் பிறப்பது வெள்ளைக் குருணையிலிருந்து. இரண்டு மாடி உயரமுள்ள சைலோ என்கிற தகர உருளையில் அதைக் கொட்டி வைப்பார்கள். அடியில் இருக்கும் குழாய் அதை உறிஞ்சி இயந்திரத்துக்கு அனுப்பும். இயந்திரம் உலர்த்தி, உருக்கி, கட்டைவிரல் பருமனுக்கு ஒரு குழலாக்கி, அந்தக் குழலை அச்சுக்குள் வைத்து ஒரே ஊதலில் பாட்டிலாக்கும். பழைய பாட்டில் துண்டுகள் கலந்த சரக்கு மட்டும் சண்டித்தனம் செய்யும். சைலோவுக்குள் கட்டிதட்டிக்கொண்டு இறங்காது. வெளியே நின்று மரச் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் இறங்கிவிடும். மசியாவிட்டால் ஒருவர் மேலே ஏறி, மூடியைத் திறந்து, உள்ளே இறங்கிக் கம்பியால் குத்த வேண்டும். அதற்கு முன் ஆபரேட்டரிடம் வந்து சொல்ல வேண்டும், ஆபரேட்டர் உறிஞ்சும் மோட்டாரை நிறுத்த வேண்டும். ஓடினால், இறங்கும் சரக்கு உள்ளே நிற்பவரையும் சேர்த்து இழுத்துப் புதைத்துவிடும். இருந்தது அந்த ஒரு விதிதான்.

பதினைந்து நாள் முன் மச்சான் வந்து சொன்னார்.

"மாப்ள, உள்ள இறங்குறேன். மோட்டாரை நிறுத்திடு."

ஒரு தடியான ஆள் வாத்துக்குப் பயந்து ஓடும் வீடியோவைக் கைபேசியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த இவன், தலையைத் தூக்காமலே "சரி சரி" என்றான். வாய் சொன்னது காதுக்குப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் சைலோ பக்கமிருந்து தட்டும் ஓசை வந்தது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு. மச்சான் வெளியே நின்று சுத்தியலால் தட்டுகிறார், சரக்கு இளகுகிறது என்று நினைத்தான். ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று உறிஞ்சும் வேகத்தைக் கூட்டினான். மீட்டர் முள் ஏறியது. தட்டல் வேகமானது, பிறகு மெதுவானது, பிறகு நின்றது. வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டு அந்த வீடியோவை இன்னொரு தடவை பார்த்தான்.

வெளியே எடுத்தபோது மச்சானின் காதுகளிலும் வாயிலும் வெள்ளைக் குருணை நிறைந்திருந்தது. "உங்ககிட்ட சொல்லாமத்தானே இறங்கினார்?" என்று மேனேஜர் கேட்டார். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து நீட்டினார். இவன் "ஆமா சார்" என்று வாங்கிக்கொண்டான். அடக்கத்தன்று அக்கா இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே" என்று அழுதார். அந்தக் கையை அன்றிலிருந்து அவனுக்குச் சோப்புப் போட்டுக் கழுவவும் கூச்சமாக இருந்தது.

நான்காவது நாள் அதே சரக்கை ஓட்டச் சொன்னார்கள். பொத்தானை அழுத்தியதும் இவன்தான். அடி கொஞ்சம் கோணலாக வந்த பாட்டில்களைத் தொழிலாளர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். கையும் காலும் பழக்கத்துக்கு அடிமை. பன்னிரண்டு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

அலமாரியில் தட்டல் கேட்டதற்கு மறுநாள், விசாரணை நாளன்று, காலை வேலைக்குக் கிளம்பும்போது அந்தப் பன்னிரண்டையும் ஒரு குப்பைப் பையில் கட்டி எடுத்துப்போனான். தெருமுனைத் தொட்டி இருநூறு அடி தூரம். பை காலில் இடித்தது. வெறும் காலி பாட்டில்கள் இடிப்பதற்கு ஒரு ஒழுங்கு கிடையாது. இவை மூன்று மூன்றாக இடித்தன. அவன் நின்றான். பையும் நின்றது. இடிப்பது நிற்கவில்லை.

ஒன்றை வெளியே எடுத்து மூடியைத் திருகினான். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது, வெகு நேரம் தண்ணீருக்குள் இருந்தவன் மேலே வந்து இழுக்கும் மூச்சுப் போல. உருகிய பிளாஸ்டிக்கின் இனிப்பு வாசனை வந்தது. அதற்கு அடியில், மச்சான் சாயங்காலமானால் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தலைவலித் தைலத்தின் வாசனை. மூடியைக்கூட மாட்டாமல் உள்ளே திணித்து, பையை மறுபடி இறுக்கி முடிந்து தொட்டியில் போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான். பார்த்தால்தான் என்ன, குப்பைதானே. ஆனாலும் பார்த்தான்.

பதினொரு மணிக்கு மேனேஜர் அறையில் விசாரணை. தொழிற்சாலைத் துறை ஆய்வாளர் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். சுவரோரம் நாற்காலிகளில் மனைவியும் அக்காவும். மேஜை மேல் வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் மாதிரிப் பாட்டில்கள் ஏழெட்டு வரிசையாக நின்றன.

"இறங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொன்னாரா?"

அக்கா அவனைப் பார்த்தார். நம்பிக்கையோடு பார்த்தார், அதுதான் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு மூச்சு போதும். சொன்னார் மேடம். நான்தான் கவனிக்கலை. இவ்வளவுதான். தொண்டைவரை வந்தது.

"இல்லைங்க மேடம்."

"உள்ளேருந்து ஏதாவது சத்தம்?"

"மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க."

டக். டக். டக்.

மேஜை மேல். நடுவில் நின்ற பாட்டில். ஆய்வாளர் எழுதிக்கொண்டே இருந்தார், மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மனைவி மட்டும் திரும்பிப் பார்த்தாள். பாட்டிலை வெகு நேரம் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"விடும்மா, அவர் தலையெழுத்து" என்று சொல்லி அக்கா அவளை எழுப்பிக் கூட்டிப்போனார். அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வருகிறேன் என்றவள் கேட்காமல் போனது அவனை உட்காரவிடாமல் அடித்தது. இயந்திரத்தின் முன் நின்றான். மூன்று விநாடிக்கு ஒரு பாட்டில் வந்து விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் விழுந்ததும் தட்டியது. "சூடு ஆறுதுப்பா" என்று பக்கத்தில் நின்ற பேக்கிங்காரர் யாரிடமோ சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரி, ஆனால் நெஞ்சு இப்படியா வெளியே வந்து வரிசை வரிசையாக அடுக்கில் நின்று தட்டும்?

சொல்லிவிடுவது என்று பேருந்தில் முடிவு செய்தான். முதலில் அவளிடம், பிறகு அக்காவிடம், நாளைக்கு ஆய்வாளரிடம். வேலை போகட்டும். உள்ளே போட்டாலும் போடட்டும். மனைவி முகத்தில் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம். மறைத்து மறைத்து அவனுக்கே தன் உடம்பு நாற ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே நுழைந்தான். வாசலில் குப்பைப் பை கிடந்தது. அவன் கட்டிய முடிச்சு பல்லால் கடித்து அவிழ்க்கப்பட்டிருந்தது. பை காலி.

கூடத்தில் யாரும் இல்லை. நாற்காலி ஒன்று சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தெருத் தொட்டிச் சேறு படிந்த ஈரக் காலடிகள். தைல வாசனை.

படுக்கையறையில் ஜன்னல்கள் அடைத்திருந்தன. வெளியே வெயில். உள்ளே பழுப்பு வெளிச்சம். தரையில் உட்கார்ந்திருந்தாள். கால்களை மடக்கி, சின்ன வயதில் அண்ணனிடம் கதை கேட்க உட்கார்ந்தவள் போல. சுற்றிலும் பதினொரு பாட்டில்கள். பன்னிரண்டாவது அவள் காதில்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றான். மறுபடி சொன்னான். "மச்சான் அன்னைக்கு..."

அவள் ஒரு விரலைத் தூக்கினாள்.

"இருங்க. அண்ணன் இன்னும் முடிக்கலை."

டக்.

"ம்" என்றாள் பாட்டிலிடம்.

டக். டக்.

"ம். அப்புறம்?"

அவன் வாசற்காலைப் பிடித்துக்கொண்டான். ஓடலாம். ஓடவில்லை. பதினைந்து நாள் தன் வாயில் பூட்டி வைத்திருந்ததை இப்போது எடுத்து நீட்டினாலும் வாங்க ஆளில்லை. அது அவனைப் பிடுங்கித் தின்றது. சாவைவிட மோசமாக.

"கூப்பிட்டியாண்ணா? தட்டினியா?"

டக். டக். டக்.

"அப்ப இவர் என்ன பண்ணிட்டிருந்தார்?"

தட்டல் நின்றது.

அறை முழுக்க நின்றது. பன்னிரண்டும்.

அவள் காதோடு ஒட்டியிருந்த பாட்டிலின் சுவர் உள்ளேயிருந்து மெல்ல வீங்கியது. ஒரு மேடு. பிறகு இன்னொன்று. விரல் முட்டிகள் என்று நினைத்தான். முட்டிகள் இல்லை. இரண்டு உதடுகள். பிளாஸ்டிக்கை மெழுகாக இழுத்துக்கொண்டு அவள் காதுக்குள் வந்து பொருந்தின. அசைந்தன.

அவள் கண்ணைத் திறந்து கணவனைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்வையை எடுக்கவில்லை.

"சிரிச்சிட்டிருந்தாரா?" என்றாள்.

உதடுகள் அசைந்தன. அவள் தலையாட்டினாள். தரையில் நின்ற மற்றப் பதினொரு பாட்டில்களும், ஒன்றன்பின் ஒன்றாக, அவன் நின்ற பக்கமாக வீங்கத் தொடங்கின.